பதற்றத்துக்கு உடனடி மாத்திரை: எத்தனை நாள்?

கடும் பதற்றத்தில் தவிக்கும் ஒருவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் அமைதி தரக்கூடிய மாத்திரை கைவசம் இருக்கிறது. அதைக் கொடுக்கலாமா, கொடுத்தால் எத்தனை நாளைக்கு என்பது மருத்துவத்தில் நெடுங்காலமாக நீடிக்கும் விவாதம். இன்று இதற்குக் கிடைக்கும் விடைகள் ஒன்றுபோல் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல், நெருக்கடி நிலையில் அதிகபட்சம் 3 முதல் 7 நாட்கள் என்கிறது. பிரிட்டனின் பழைய விதி 2 முதல் 4 வாரங்கள் என்றது. தேர்ந்தெடுத்த சிலருக்கு மாதக்கணக்கில் கொடுத்தாலும் கெடுதல் இல்லை என்று வாதிடும் அனுபவம் மிக்க மனநல மருத்துவர்களும் இருக்கிறார்கள்.

இந்த வேறுபாடுகளுக்குக் காரணம் சான்றுகளின் போதாமை மட்டுமல்ல. ஒவ்வொரு தரப்பும் வேறு வேறு கெடுதலைக் கண்டு அஞ்சுகிறது. யார் எதைக் கண்டு அஞ்சினார்கள் என்பதைக் காலவரிசையில் பார்த்தால் விவாதம் தெளிவாகிறது.

புரோமைடு முதல் வாலியம் வரை

19ஆம் நூற்றாண்டில் பதற்றத்துக்குப் புரோமைடு உப்புகளும் குளோரல் ஹைட்ரேட்டும் கொடுக்கப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பார்பிட்டுரேட் மருந்துகள் வந்தன. வெரோனல் என்ற பெயரில் பார்பிட்டாலும், 1912 முதல் லூமினல் என்ற பெயரில் பீனோபார்பிட்டாலும் விற்பனையாயின. இவை வேலை செய்தன. ஆனால் பயன் தரும் அளவுக்கும் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் இடையிலான தூரம் குறைவு. அளவு மீறியதால் நேர்ந்த சாவுகள் தொடர்ந்தன. பழக்கமாகிவிட்ட மருந்தைத் திடீரென நிறுத்தியவர்களுக்கு வலிப்பு வந்தது. 1955இல் மில்டவுன் என்ற பெயரில் அமெரிக்கச் சந்தைக்கு வந்த மெப்ரோபமேட், அடிமைப்படுத்தாத மருந்து என்று கொண்டாடப்பட்டது. சில ஆண்டுகளில் அந்த நம்பிக்கையும் பொய்த்தது.

ஹாஃப்மன்–லா ரோஷ் நிறுவனத்தின் நியூஜெர்சி ஆய்வகத்தில் வேதியியலாளர் லியோ ஸ்டெர்ன்பாக் உருவாக்கிய ஒரு சேர்மம், சோதிக்கப்படாமலே அலமாரியில் கிடந்தது. 1957இல் ஆய்வகத்தை ஒழுங்குபடுத்தியபோது அது சோதனைக்கு அனுப்பப்பட்டது. 1960இல் லிப்ரியம் என்ற பெயரில் வெளிவந்த குளோர்டயசெபாக்சைடு அதுதான். 1963இல் வாலியம், அதாவது டயசெபாம், வந்தது. பென்சோடயசெபீன் குடும்பம் இப்படித் தொடங்கியது. பின்னாளில் லோரசெபாம், குளோனசெபாம், அல்பிரசோலம் முதலியவை அதில் சேர்ந்தன.

இவை மூளையில் எப்படிச் செயல்படுகின்றன என்பது 1977இல் தெளிவாகத் தொடங்கியது. மூளையில் இவற்றுக்கென்று தனி இடம் இருப்பதை இரண்டு ஆய்வுக் குழுக்கள் கண்டறிந்தன. நரம்பணுக்களை அடக்கி வைக்கும் காபா என்ற வேதிப்பொருளின் ஏற்பியில் அது இருப்பது பின்னர் தெளிவாயிற்று. இம்மருந்துகள் காபாவின் வேலைக்குத் துணைபோகின்றன. காபா இல்லாமல் தாமாக அந்த வேலையைச் செய்வதில்லை. பார்பிட்டுரேட்டுகளோ அதிக அளவில் தாமே அதைச் செய்துவிடும். பென்சோடயசெபீனை மட்டும் அளவுக்கு மீறி விழுங்கியவர் இறப்பது அரிது என்பதற்கு இதுவே காரணம். முதல் தலைமுறை மருத்துவர்களின் உற்சாகத்தை இந்தப் பின்னணியில்தான் மதிப்பிட வேண்டும். அவர்கள் அஞ்சியது சாவைக் கண்டு. அந்த அச்சத்துக்குப் புதிய மருந்து நல்ல விடையாகவே இருந்தது.

சார்புநிலை என்ற குற்றச்சாட்டு

எச்சரிக்கை மணி தொடக்கத்திலேயே அடித்தது. 1961இல் லியோ ஹாலிஸ்டரும் அவரது சகாக்களும், மிக அதிக அளவில் லிப்ரியம் எடுத்தவர்களிடம் அதைத் திடீரென நிறுத்தியபோது விலகல் அறிகுறிகள் தோன்றியதைப் பதிவு செய்தார்கள். அது அளவு மீறியதன் விளைவு என்று மருத்துவ உலகம் ஆறுதல் கொண்டது. அந்த ஆறுதலை 1980களின் தொடக்கத்தில் லண்டனைச் சேர்ந்த மால்கம் லேடர் போன்றோரின் ஆய்வுகள் குலைத்தன. மருத்துவர் சொன்ன வழக்கமான அளவிலேயே நீண்டகாலம் எடுத்தவர்களுக்கும் நிறுத்தும்போது உறக்கமின்மை, நடுக்கம், ஒலியும் ஒளியும் தாங்காத நிலை, முன்பைவிடக் கூடுதலான பதற்றம் ஆகியவை வந்தன. நியூகாசிலில் ஹெதர் ஆஷ்டன் 1982 முதல் 1994 வரை இத்தகையோருக்கெனவே ஒரு சிகிச்சையகம் நடத்தினார். மருந்தை மெல்ல மெல்லக் குறைப்பதற்கு அவர் எழுதிய கையேடு இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

அமெரிக்காவில் 1979இல் செனட்டர் எட்வர்ட் கென்னடியின் தலைமையில் நாடாளுமன்ற விசாரணை நடந்தது. மருந்தின் மீதான பொது மதிப்பு சரிந்தது.

இந்தத் தரப்பின் வலிமை, நோயாளிகள் சொன்ன துன்பத்தைக் கற்பனை என்று ஒதுக்காமல் மருத்துவப் பதிவாக்கியது. பலவீனமும் உண்டு. சிகிச்சையகம் தேடி வந்தவர்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள். அவர்களை வைத்து, மருந்து எடுத்த எல்லோரையும் கணித்துவிட முடியாது. மேலும், மருந்தை நிறுத்தியபின் வரும் பதற்றம் விலகல் அறிகுறியா, அடங்கியிருந்த பழைய நோய் தலைதூக்கியதா என்று பிரித்தறிவது கடினம். இந்தச் சிக்கல் இன்றும் முழுதாகத் தீரவில்லை.

நான்கு வாரம் என்ற சமரசம்

1988இல் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு ஒரு நடுவழியை வகுத்தது. கடுமையான, முடக்கிப்போடும் அல்லது தாங்கமுடியாத துயர் தரும் பதற்றத்துக்கு மட்டும், 2 முதல் 4 வாரம் வரை மட்டும் கொடுக்கலாம் என்றது. பல நாடுகளின் விதிகளுக்கு அதுவே முன்மாதிரி ஆயிற்று.

விதி பயனுள்ளது, ஆனால் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது. இரண்டு வாரக்காரர்களையும் நான்கு வாரக்காரர்களையும் எட்டு வாரக்காரர்களையும் ஒப்பிட்டுச் சோதித்துப் பெற்ற எண் என்பதைவிட, முன்னெச்சரிக்கையாக வரைந்த கோடு என்றே அதைக் கொள்வது பொருந்தும். கிடைக்கும் தரவுகளும் ஒரே கோட்டைக் காட்டுவதில்லை. 1983இல் கார்ல் ரிக்கெல்ஸ் குழுவினர் வெளியிட்ட டயசெபாம் ஆய்வில், எட்டு மாதத்துக்குக் குறைவாக எடுத்தவர்களில் 5 விழுக்காட்டினருக்கும், அதற்கு மேல் எடுத்தவர்களில் 43 விழுக்காட்டினருக்கும் விலகல் அறிகுறிகள் வந்தன. அல்பிரசோலத்தின் கதை வேறு. திடீர் திடீரெனப் பீதித் தாக்குதல் வரும் பீதி நோய்க்கு அதிக அளவில் எட்டு வாரம் கொடுத்து நிறுத்திய, 1988இல் வெளியான ஆய்வில் 35 விழுக்காட்டினருக்கு விலகல் அறிகுறிகள் காணப்பட்டன.

இரண்டு ஆய்வுகளிலும் மருந்து வேறு, அளவு வேறு, நோய் வேறு. எனவே நேரடியாக ஒப்பிடுவது தகாது. ஆனாலும் ஒரு செய்தி தெளிவு. ஆபத்து நாட்களின் எண்ணிக்கையை மட்டும் பொறுத்ததல்ல. எந்த மருந்து, எவ்வளவு, எப்படி நிறுத்தப்பட்டது என்பதையும் பொறுத்தது. டயசெபாமும் உடலில் அது மாறும் வடிவமும் நாட்கணக்கில் தங்குவதால் மெல்ல இறங்குகின்றன. அல்பிரசோலத்தின் அளவு ஏறத்தாழ 11 மணி நேரத்தில் பாதியாகிவிடுகிறது. விரைவாக ஏறி விரைவாக இறங்கும் மருந்தில் ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவிலேயே பதற்றம் எட்டிப்பார்க்கக்கூடும். அடுத்த மாத்திரையை நோக்கிக் கை நீள்வதற்கு அதுவே காரணமாகலாம்.

பீதி நோயும் அல்பிரசோலமும்

பீதித் தாக்குதல், பேச்சுவழக்கில் பேனிக் அட்டாக், பொதுவான பதற்றத்திலிருந்து வேறுபட்டது என்ற கருத்து 1960களில் டொனால்ட் க்ளைனின் பணிகளால் வலுப்பெற்றது. இமிப்ரமின் என்ற மனச்சோர்வு மருந்து இத்தாக்குதல்களைத் தடுப்பதை அவர் கவனித்தார். 1980இல் அமெரிக்க மனநோய் வகைப்பாட்டில் பீதி நோய் தனி இடம் பெற்றது. அடுத்த ஆண்டு சந்தைக்கு வந்த அல்பிரசோலம், 1990இல் பீதி நோய்க்கும் அங்கே ஒப்புதல் பெற்றது.

பல நாடுகளில் நடந்து 1988இல் வெளியான பெரிய ஆய்வு அதற்கு அடித்தளமாக இருந்தது. முதல் வாரங்களில் அல்பிரசோலம் எடுத்தவர்கள் போலிமாத்திரை எடுத்தவர்களைவிடத் தெளிவாக முன்னேறினார்கள். ஆனால் எட்டாவது வாரம் வரை தாக்குப்பிடித்தவர்களை மட்டும் பார்த்தால் இடைவெளி வெகுவாகச் சுருங்கியிருந்தது. போலிமாத்திரைக் குழுவில் பலர் பாதியிலேயே விலகிவிட்டதால் இந்த ஒப்பீட்டை எப்படிப் படிப்பது என்பதில் கடும் சண்டை மூண்டது. மருந்து நிறுவனமே நிதி கொடுத்தது என்பதும் விமர்சனத்துக்கு உள்ளானது.

அண்மைக்கால மதிப்பீடுகள் நிதானமானவை. பீதி நோயில் பென்சோடயசெபீன்களைப் போலிமாத்திரையோடு ஒப்பிட்ட 24 ஆய்வுகளை 2019இல் காக்ரேன் அமைப்பு தொகுத்தது. குறுகிய காலத்தில் மருந்து மேலானதாகத் தெரிகிறது; ஆனால் சான்றின் தரம் தாழ்ந்தது; நீண்டகாலம் பற்றி முடிவு சொல்ல வழியில்லை என்பதே அதன் சாரம். மருந்து எடுத்தவருக்கு மயக்கமும் தளர்வும் வருவதால் தனக்குக் கிடைத்தது எது என்று அவரே ஊகித்துவிடலாம் என்பதும் இத்தகைய ஆய்வுகளுக்கு உள்ள பொதுவான குறை.

உளவியலாளர்களின் மறுப்பு

சார்புநிலை வராத குறுகிய காலத்தில்கூட இம்மருந்து கெடுதல் செய்யலாம் என்பது உளவியல் தரப்பின் வாதம். 1986இல் டேவிட் கிளார்க் முன்வைத்த விளக்கத்தின்படி, பீதி நோயாளி உடலின் இயல்பான மாற்றங்களைப் பேராபத்தாகப் படிக்கிறார். நெஞ்சு படபடத்தால் மாரடைப்பு, தலை சுற்றினால் மயங்கிவிழப் போகிறோம் என்று கணிக்கிறார். அந்தக் கணிப்பு பொய் என்பதை அனுபவத்தில் உணர்வதுதான் குணமாகும் வழி. மாத்திரை போட்டதும் படபடப்பு அடங்கினால், ‘எனக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்பதற்குப் பதிலாக ‘மாத்திரைதான் காப்பாற்றியது’ என்ற பாடம் மனத்தில் பதிகிறது.

இதற்கு வலுவான ஆதரவு ஐசக் மார்க்ஸும் சகாக்களும் லண்டனிலும் டொரண்டோவிலும் 154 பேரிடம் நடத்தி 1993இல் வெளியிட்ட ஆய்வு. எட்டு வாரச் சிகிச்சையில் அல்பிரசோலமும், அஞ்சும் இடங்களைப் படிப்படியாக எதிர்கொள்ளும் பயிற்சியும் இரண்டுமே பயன் தந்தன. மருந்தை நிறுத்தியபின் அதன் பயன் கரைந்தது. பயிற்சியின் பயன் நிலைத்தது. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்கள், பயிற்சி மட்டும் பெற்றவர்களைவிடப் பின்னாளில் பின்தங்கினார்கள்.

மருந்தின் வேகத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பீதித் தாக்குதல் பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சம் தொட்டு, பிறகு தானாக வடியும். விழுங்கிய அல்பிரசோலம் இரத்தத்தில் உச்ச அளவை எட்ட ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகும். எனவே மாத்திரை போட்ட சில நிமிடங்களில் வரும் நிம்மதிக்குப் பெரும்பங்கு உரிமை கொண்டாட வேண்டியது மருந்தின் வேதியியல் அல்ல. தாக்குதலின் இயல்பான முடிவும், கையில் மாத்திரை இருக்கிறது என்ற தைரியமும்தான். மருத்துவச் சீட்டில் ‘எஸ்.ஓ.எஸ்.’ என்று எழுதி, தேவைப்பட்டால் மட்டும் போடச் சொல்லும் முறை இதனால் சிக்கலுக்கு உள்ளாகிறது. மொத்த அளவு குறையும் என்பது அதன் நன்மை. ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு மாத்திரை என்ற முடிச்சு விழும் என்பது அதன் தீமை.

உளவியல் தரப்பின் பலவீனம் நடைமுறையில் இருக்கிறது. பயிற்சி பெற்ற உளவியல் சிகிச்சையாளர் பெருநகரங்களுக்கு வெளியே எளிதில் கிடைப்பதில்லை. பல நாள் உறங்காதவருக்கும் வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவருக்கும் அந்தப் பயிற்சியைத் தொடங்கவே முதலில் சற்று அமைதி தேவைப்படலாம்.

பாலமாகப் பயன்படுத்துதல்

இன்று பதற்ற நோய்களுக்கு முதல் வரிசை மருந்துகள் செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மனச்சோர்வு மருந்துகள். இவை பலன் தரச் சில வாரங்கள் ஆகும். தொடக்கத்தில் சிலருக்குப் பதற்றத்தைக் கூட்டவும் செய்யும். அந்த இடைவெளியைக் கடக்க மட்டும் பென்சோடயசெபீனைக் கொடுத்துவிட்டு விலக்கலாம் என்பது மற்றொரு நிலைப்பாடு.

2001இல் ஆண்ட்ரூ காடர்டின் குழு பீதி நோயாளிகள் 50 பேரிடம் இதைச் சோதித்தது. செர்ட்ராலினோடு முதல் நான்கு வாரம் குளோனசெபாம் கொடுத்து, அடுத்த மூன்று வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். தொடக்க வாரங்களில் இவர்கள் விரைவாகத் தேறினார்கள். ஆய்வின் முடிவில் செர்ட்ராலின் மட்டும் எடுத்தவர்களும் அதே நிலைக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். ஆக, பாலம் சேருமிடத்தை மாற்றவில்லை. பயணத்தின் வேதனையைக் குறைத்தது. ஆய்வு சிறியது. குறைக்கும் திட்டம் முதல் நாளிலேயே வகுக்கப்பட்டிருந்தது என்பதே அதன் முக்கியமான அம்சம். அன்றாட மருத்துவத்தில் பெரும்பாலும் விடுபடுவது அதுதான்.

மறுவாதம்: அச்சம் மிகைப்படுத்தப்பட்டதா?

அமெரிக்க மனநல மருத்துவர் ஜெரால்ட் க்ளெர்மன் 1970களிலேயே ஒரு கேள்வி எழுப்பினார். மனத்துக்கு இதம் தருவது எதுவோ அது தீயதாகத்தான் இருக்கும் என்ற அறநெறிச் சாய்வு மருத்துவத்தில் ஊறியிருக்கிறதோ என்பது அவர் ஐயம். அந்த வழியில் வருபவர்கள் இன்று சொல்வது: நீண்டகாலம் எடுப்பவர்களில் பெரும்பாலோர் அளவைக் கூட்டிக்கொண்டே போவதில்லை, உடல் பழகிப்போவது வேறு, போதைக்காகத் தேடுவது வேறு, மாற்றாகக் கொடுக்கும் மனச்சோர்வு மருந்துகளையும் திடீரென நிறுத்தினால் விலகல் அறிகுறிகள் வருகின்றன.

இவற்றில் உண்மை இருக்கிறது. ஆனால் மதுவோடும் ஓபியாய்டு வலிநிவாரணிகளோடும் சேரும்போது மூச்சு ஒடுங்கும் ஆபத்தை இந்த வாதம் தீர்ப்பதில்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஓபியாய்டு கலப்பு குறித்து 2016இலும், தவறான பயன்பாடு, சார்புநிலை, விலகல் குறித்து 2020இலும் தன் கடுமையான எச்சரிக்கையை இம்மருந்துகளின் உறையில் இடச்செய்தது. முதியோர் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிவதும், வாகனம் ஓட்டுவோரின் கவனம் மங்குவதும் குறுகிய காலப் பயன்பாட்டிலும் நேரக்கூடியவை. மறதி நோய்க்கு இம்மருந்து காரணமா என்பதில் மட்டும் ஆய்வுகள் முரண்படுகின்றன.

மாற்று உடனடி மருந்துகளும் முழுத் தீர்வல்ல. மேடை நடுக்கத்துக்குப் பெயர்பெற்ற ப்ரொப்ரனலால் நடுக்கத்தையும் படபடப்பையும் அடக்கும். பீதி நோய்க்கு அதன் சான்று மெலிது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. ஹைட்ராக்சிசின் சார்புநிலை தராது. தூக்கக் கலக்கம் தரும். ப்ரிகபாலின் ஐரோப்பாவில் பொதுப் பதற்ற நோய்க்கு 2006இல் ஒப்புதல் பெற்றது; பழக்கமாகும் ஆபத்து தெரியவந்ததால் பிரிட்டன் 2019இல் அதைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது.

இந்தியச் சூழல்

இந்தியாவில் சட்டம் கண்டிப்பானது. பென்சோடயசெபீன்கள் பல 1985இன் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகின்றன. 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த எச்1 பட்டியலில் அல்பிரசோலமும் டயசெபாமும் இருக்கின்றன. இவற்றை விற்கும் மருந்துக்கடை, எழுதிக்கொடுத்த மருத்துவர், நோயாளி, அளவு ஆகிய விவரங்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

சட்டம் தொடாத ஒரு சிக்கல் மாத்திரையின் அமைப்பிலேயே இருக்கிறது. எஸ்சிட்டலோபிராமும் குளோனசெபாமும் ஒரே மாத்திரையில் இங்கே தாராளமாகக் கிடைக்கின்றன. ப்ரொப்ரனலாலோடு அல்பிரசோலம் சேர்ந்த மாத்திரையும் உண்டு. செலவு குறைவு, ஒரே மாத்திரை என்பதால் நோயாளி விடாமல் போடுவார், அளவும் சிறியது என்று ஆதரிப்போர் சொல்கிறார்கள். ஆனால் எஸ்சிட்டலோபிராமைத் தேறிய பிறகும் மாதக்கணக்கில் தொடர வேண்டும். குளோனசெபாமைச் சில வாரங்களில் விலக்க வேண்டும். ஒரே மாத்திரையில் இரண்டும் இருந்தால் ஒன்றை மட்டும் குறைக்க வழியில்லை. சொன்னபடி ஒழுங்காகப் போடுபவர் குளோனசெபாமையும் மாதக்கணக்கில் எடுக்கிறார். குணமாகிவிட்டது என்று தானே நிறுத்துபவர் இரண்டையும் ஒரே நாளில் திடீரென நிறுத்துகிறார். பாலம் என்ற கருத்துக்கு நேர்எதிரான வடிவம் இது.

இன்னும் விடை இல்லாதவை

குறைந்தது நான்கு கேள்விகள் திறந்தே இருக்கின்றன. முதலாவது, பாதுகாப்பான காலத்தின் எல்லை: ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாக அது எவ்வளவு என்று ஒப்பிட்டுச் சொல்லும் ஆய்வுகள் போதவில்லை. இரண்டாவது, யாருக்குச் சார்புநிலை எளிதில் வரும் என்பதை முன்கூட்டியே அறியும் வழி. மதுப்பழக்கம் போன்ற சில குறிகளைத் தவிர உறுதியாக ஏதும் இல்லை. மூன்றாவது, எஸ்.ஓ.எஸ். முறை தினசரி முறையைவிட நல்லதா என்பது. நான்காவது, உளவியல் சிகிச்சைக்கு மருந்து குறுக்கே நிற்கும் என்ற முடிவு, குறைந்த அளவில் சில நாட்கள் மட்டும் கொடுக்கும்போதும் பொருந்துமா என்பது.

தீர்ந்துவிட்டதாகக் கொள்ளத்தக்கவையும் உண்டு. இம்மருந்துகள் உடனடி நிம்மதி தருகின்றன. அதை மறுப்பதில் பயனில்லை. அவை நோயின் போக்கை மாற்றுவதற்கான சான்று இல்லை. விவாதத்தின் எல்லாத் தரப்புகளையும் வைத்துப் பார்த்தால், தொடங்குவதைவிட முடிப்பதில்தான் மருத்துவம் மீண்டும் மீண்டும் தவறியிருக்கிறது. நிறுத்தும் நாளும் குறைக்கும் முறையும் முதல் சீட்டிலேயே எழுதப்பட்டால், மூன்று நாளா மூன்று வாரமா என்ற சண்டையின் வேகம் பெருமளவு தணியும். அப்படி எழுத முடியாத சூழலில் கடுமையான வரம்பே பாதுகாப்பானது.

இம்மருந்தை ஏற்கெனவே பல மாதங்களாக எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் திடீரென நிறுத்தக் கூடாது, வலிப்புகூட வரலாம். மருத்துவரோடு பேசி மெல்லக் குறைப்பதே முறை. புதிதாக எழுதிக்கொடுக்கப்பட்டவர்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை இரண்டு: இந்த மாத்திரையில் என்னென்ன மருந்து இருக்கிறது? இதை எந்தத் தேதியில், எப்படி நிறுத்த வேண்டும்? அருகில் மனநல மருத்துவர் இல்லாதவர்கள், அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம்.